ஒரு மிஸ்கோல் என்றால் சரி

இன்று காலை வார்ட்டில் நிற்கையில் பயிற்சி வைத்தியப் பிள்ளை ஒருத்தியின் போன் ஒருதரம் அடித்து ஓய்ந்தது. என்னையறியாமல் "சரி!" என்றேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நீ கண்ணை மூடி ஒரு வருஷமாகிறதடி. இன்னும் உன் மிஸ்கோலுக்குப் பழகிய வாய்தான் எனக்கு.

சண்டைக் காலம். மேற்படிப்புச் சோதனைக்கு இரண்டு பேரும் படித்தோம். நீ திருகோணமலை ஆஸ்பத்திரியில், நான் குடாவுக்கு அக்கரையில், கட்டைபறிச்சான் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரியில். மாறி மாறிக் கேள்வியை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புவோம், விடை மிஸ்கோலில். ஒரு மிஸ்கோல் அடித்தால் சரி, இரண்டு அடித்தால் பிழை.

ஒருநாள் கேட்டாய்: "பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்கவில்லை. ஆணுறையைக் குழாயில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, சேலைன் விட்டு ஊதவைத்தால் நிற்கும். சரியா, பிழையா?" உனக்கு விசர் பிடித்துவிட்டது என்று நினைத்து இரண்டு அடித்தேன். "போய்ப் படி, மாடு" என்று பதில் வந்தது.

அதுக்குப் பிறகு ஒரு மத்தியானம், தலைப்பிள்ளை பெற்ற ஒரு தாய்க்கு இரத்தம் நிற்கவேயில்லை. இருந்த மருந்தெல்லாம் ஏற்றியாயிற்று. வெளியே ஷெல்லடி, குடாவைக் கடக்க லோஞ்சும் இல்லை, அம்புலன்சும் இல்லை. அவள் என் கண்முன்னால் வெளிறிக்கொண்டு போனாள். உனக்கு அழைத்தேன்.

"அழாதை. அண்டைக்குப் பிழையெண்டனியெல்லே, அதைத்தான் இப்ப செய்யப் போறாய்."

குடும்பக்கட்டுப்பாட்டு அலுமாரியிலிருந்து ஆணுறை வந்தது. மருத்துவிச்சி அக்கா போனை என் காதோடு பிடித்துக்கொண்டு நின்றா.

"இறுக்கிக் கட்டினியா? இனிச் சேலைனை விடு. இன்னும் விடு. பயப்பிடாதை, நான் இருக்கிறன்."

பாதியில் லைன் அறுந்தது. நான் விட்டுக்கொண்டேயிருந்தேன்.

நின்றதடி! புதிதாய் வைத்த துணி வெள்ளையாகவே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கண்ணைத் திறந்து, "டொக்டர், பிள்ளை எங்க?" என்று கேட்டாள். நான் முற்றத்துக்கு ஓடிச் சிக்னல் பிடித்து, உனக்கு ஒரேயொரு மிஸ்கோல் அடித்தேன்.

"பிந்தின விடை. எண்டாலும் நூற்றுக்கு நூறு, என்ர ராசாத்தி!" என்று அனுப்பினாய். வெயிலில் நின்று சத்தம்போட்டுச் சிரித்தேன்.

இப்போது பிள்ளைகளின் போனில் வீடியோவே வருகிறது. எண்டாலும் இன்று பின்னேரம் உன் கேள்வியை எல்லாருக்கும் அனுப்பி, விடை மிஸ்கோலில் மட்டும் என்று கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டேன். இதை எழுத எழுத மேசையில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. ஆளுக்கு ஒருதரம்தான். கடைசிப் பிள்ளையின் பேரும் வந்துவிட்டது.

ஒருத்தரும் என்னைப்போல மாடு இல்லையடி.