எலுமிச்சை போடாத காப்ளர்

ஆகஸ்ட் 27, செவ்வாய்

ரேவா இன்று என் கடையில் சட்டி வாங்காமல் திரும்பிப் போனாள். மலைமேல் குதிரை முகாம் நடத்துகிறவள்; முகாமுக்கு மொத்தமாக வார்ப்பிரும்புச் சட்டி வேண்டும். அதன் பெருமையை மூச்சுவிடாமல் பாடினேன். கேட்டுவிட்டு, "இதுல நீ என்னல்லாம் சமைச்சிருக்க?" என்றாள்.

"விக்கிறதையெல்லாம் சமைச்சுப் பாக்க முடியுமா ரேவா? உரமும்தான் விக்கிறேன்."

அவள் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை முகாமுக்கு வந்து இதுல பீச் பழம் போட்டு மாவு மூடிச் சுடுற காப்ளர் செஞ்சு காட்டு. என் ஆளுங்க தட்ட வழிச்சுத் தின்னா மொத்தமும் உன்கிட்ட. இல்லன்னா நெடுஞ்சாலைக் கடையில வாங்கிக்கிறேன்."

அந்தப் பெரிய கடை வந்த பிறகு என்னிடம் மொத்தமாக வாங்க மிச்சமிருப்பது இவள் ஒருத்திதான். "அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டேன். கடையில் இத்தனை பூட்டு விற்கிறேன், என் வாய்க்கு ஒன்று மாட்டத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 28

கொல்லையில் ஒத்திகை. அடியில் பழமும் சர்க்கரையும், மேலே மாவு. நெருப்பு என்றால் கீழேதானே? கங்கு முழுவதையும் கீழே தள்ளினேன். சும்மாவும் இருக்கவில்லை, மூடியைத் தூக்கித் தூக்கிச் சரக்கைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் ஓர்வல் கரண்டியால் கிளறினார். "மேல பச்ச மாவு, கீழ தார் ரோடு. நடுவுல ஒரு பழம் மட்டும் உசுரோட இருக்கு. காப்பாத்தவா?"

பிறகு அவர்தான் சொன்னார், மூடியைச் சுற்றி விளிம்பு வைத்திருப்பதே மேலே கங்கு குவிக்கத்தான் என்று. மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமலிருக்க என்றல்லவா வருஷக்கணக்காக வாடிக்கையாளர்களிடம் சொல்லி வருகிறேன்? ஒருத்தர்கூட மறுத்ததில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 29

கங்கில் பெரும்பங்கு மூடிமேல். திறந்து பார்க்காமலிருக்க என் கைமேலேயே உட்கார்ந்துகொண்டேன். வெந்தது.

ஆகஸ்ட் 30

ஒத்திகைச் சட்டி கரி பிடித்துக் கிடக்கிறது. நாளைக்குக் கடைக் கண்ணாடியில் காட்சிக்கு வைத்த சட்டிதான். முகம் பார்க்கலாம், அப்படி மினுங்குகிறது. ஓர்வல் பழையதையும் வண்டியில் ஏற்றினார். எதற்கு என்றேன். "உன்ன எனக்குத் தெரியும்" என்றார். சரக்கு கண்ணைப் பறிக்க வேண்டும் என்பது புரியாத மனிதர்.

ஆகஸ்ட் 31, சனி

பொன்னிறமாக வந்தது. முகாம் ஆட்களெல்லாம் தட்டோடு வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் பரிமாறினேன்; ரேவா முதல் வாய் வைத்தாள். மென்றாள். நிறுத்தினாள்.

"பழம் நல்லாருக்கு. மாவும் நல்லாருக்கு. எலுமிச்சை போட்டியா?"

"இல்லையே."

ஓர்வல் என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது — திங்கள்தோறும் அந்தக் காட்சிச் சட்டியை உள்ளும் புறமும் நான் எதைப் போட்டுத் துடைக்கிறேன்? மேஜை நாற்காலி பாலிஷ். எலுமிச்சை வாசனை.

சொல்லித்தான் ஆக வேண்டும், சொன்னேன். எல்லாரும் துப்பினார்கள். குதிரைக்கார கேலன் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து, "அக்கா, பளபளன்னு இருக்கா பாருங்க" என்றான்.

ஓர்வல் வண்டியிலிருந்து கரிச்சட்டியை இறக்கிக் கொண்டுவந்து வைத்தார். மிச்சப் பழத்தைப் போட்டு மறுபடி செய்தேன். கடைசியில் கேலன் சட்டிக்குள் தலையை விட்டு வழித்தான். ரேவா அதைப் பார்த்தாள். "திங்கக்கிழமை கடைக்கு வர்றேன்." அவ்வளவுதான். வாங்கவா, திட்டவா?

செப்டம்பர் 1

சர்ச் வாசலில் ரேவா. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பேச மாட்டாள். மழை வருமா என்று மட்டும் கேட்டாள். இது வதை இல்லையா?

செப்டம்பர் 2

வந்தாள். கண்ணாடிக்குள் இருந்த சட்டிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "அந்தக் கரிச்சட்டி மாதிரிதான் எனக்கு எல்லாமே வேணும்" என்றாள்.

பேசி முடித்தது: பன்னிரண்டு சட்டி, சீட்டில் போட்ட விலைக்கே. ஒவ்வொன்றையும் நன்றாகக் கழுவி, எண்ணெய் பூசிச் சுட்டு, நானே அதில் காப்ளர் செய்து, மாவு ஒட்டாமல் வந்த பிறகே ஒப்படைக்க வேண்டும். பழம் அவள் செலவு. சர்க்கரை என் செலவு. தின்று பார்ப்பது ஓர்வல்.