இன்னொருத்தியின் பிரஷர்

ஜூன் 4

அன்புள்ள நர்ஸ் தங்கச்சிக்கு,

மாத்திரையும் பிரஷர் மெஷினும் வந்து சேர்ந்தன. மருந்து கொண்டுவரும் அண்ணன் பையைப் படியில் வைத்துவிட்டு, "கீழ வராதீங்கம்மா, நான் போனப்புறம் எடுங்க" என்று தெருவிலிருந்து கத்தினார். இன்னும் இரண்டு தடவை கத்தமாட்டாரா என்று இருந்தது.

இவர் வேலைக்குப் போன இடத்திலேயே மாட்டிக்கொண்டார். ஊரடங்கு முடிந்தால்தான் வருவார். கீழ்வீட்டிலும் ஆளில்லை. வயிற்றில் இருப்பதோடுதான் பேச்சு. அது உதைக்கிறது, பதில் சொல்வதில்லை.

பிரஷர் சரியாக இருப்பவர்களுக்கு வாரம் ஒரு போன்தான், ஏறினால்தான் தினமும் என்றாய். நியாயம்தான். போனில் பேசுவதெல்லாம் பதிவாகிறதாமே, அதனால் இதை எழுதி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வெயிலில் போட்டு எடுத்துப் படி.

அன்புடன்,
மாடிவீட்டு அக்கா

ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஜன்னலோரம் ஒரு பகல் முழுக்கக் காயவைத்தேன். எனக்குக் கடிதம் எழுதிய முதல் ஆள் நீங்கள்தான்.

பிரஷர் திடீரென்று இப்படி ஏறியது கவலையாக இருக்கிறது. தினசரிப் பட்டியலில் உங்களைச் சேர்த்துவிட்டேன். தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ, என் போனுக்குக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள்.

எங்கள் அறை எப்படி இருக்கும் என்று போனில் கேட்டீர்களே. ஆறு பேர், ஆறு போன், நடுவில் அட்டைத் தடுப்பு. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். "போன்ல நல்லா இருக்கீங்களான்னு கேக்கவா அவ்வளவு படிச்ச?" என்கிறார் அப்பா. ஹாஸ்டலில் தனி அறை கொடுத்திருக்கிறார்கள். நாள் முழுக்கப் பேசிவிட்டு அங்கே போனால் பேச ஆளில்லை.

இப்படிக்கு,
நர்ஸ்

ஜூன் 19

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் போன் வருவதற்கு முன்னால் தலை சீவிக்கொள்கிறேன். வீடியோகூடக் கிடையாது, பார் கூத்தை. நேற்று "வச்சிடட்டுமாக்கா?" என்று நீ கேட்டதும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று மறுபடி ஆரம்பித்தேன். உனக்கே தெரிந்திருக்கும்.

பெரிய டாக்டர் பேசினார். திங்கட்கிழமை அட்மிட் ஆகணுமாம், குழந்தையை முன்கூட்டியே எடுத்துவிடலாம் என்கிறார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறதே, அது போதாதா? பயமாக இருக்கிறது. ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நன்றாகக் குறைந்துவிட்டால் மறுபடி வாரம் ஒரு போன்தானா?

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சொல்லும் எண்கள் எனக்குத் தெரியும். அந்த மெஷின் உங்களுக்கு முன் இன்னொரு அக்காவிடம் இருந்தது. தினமும் அவரிடம் கேட்டு எழுதியவள் நான். ஓரத்துச் சின்னப் பொத்தானை அழுத்தினால் அவருடைய பழைய எண்கள் வரும், கடைசியாகப் பார்த்தது முதலில். அவருக்கு ஏறிக்கொண்டே போனது. உங்கள் வாயில் அதுவே இறங்கிக்கொண்டே வருகிறது.

நேற்றே புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். எண் இறங்க இறங்க அவர் தேறிவருவது போல இருந்தது.

அவருக்கு வலிப்பு வந்த காலையில் நான் போன் அடித்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. இரண்டு உயிரும் போய்விட்டன.

எனக்குக் கோபமில்லை. ஆனால் உங்கள் நிஜமான பிரஷர் யாருக்கும் தெரியாது. பட்டையைக் கையில் சுற்றி, பெரிய பொத்தானை அழுத்திப் பார்த்து, வருவதை எழுதிக் கொடுங்கள். அண்ணன் வாசலில் நிற்பார். டாக்டரிடம் மெஷினில் கோளாறு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். எந்த எண் வந்தாலும் சரி, இனி தினமும் மாலை ஆறு மணிக்கு என் சொந்த போனிலிருந்து கூப்பிடுகிறேன். எண் கேட்பதற்கு அல்ல.

தங்கச்சி

அதே நாள்

தங்கச்சி,

பெரிய பொத்தானை அழுத்தினேன், இரண்டு தடவை. 118, 76. இரண்டு தடவையும் ஏறக்குறைய அதுதான்.

மெஷினை முன்னால் வைத்திருந்தவள் எங்கேயோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருப்பாள் என்று நினைத்துத்தான் அவள் எண்களை எடுத்தேன்.

ஆறு மணிக்குக் கூப்பிடாதே. உன்னோடு எந்தக் குரலில் பேசுவேன்.

ஆகஸ்ட் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று வார்டு நர்ஸ் சொன்னார். மாமாவும் வந்துவிட்டாராம். மூக்கு அப்படியே அவருடையது என்றார். உங்களுடையது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வாரப் பட்டியலில் உங்களைக் கூப்பிட்டதெல்லாம் வேறு நர்ஸ். நான் ஆறு மணிக்கு அடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாளும் நீங்கள் எடுக்கவில்லை. வேண்டாம் என்று சொன்ன பிறகும் அடித்தது தப்போ என்று நினைத்துக்கொள்வேன்.

மெஷின் இன்று திரும்பி வந்தது. சின்னப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். எண்ணுக்குப் பக்கத்தில் நேரமும் காட்டுகிறது. வாரம் ஒரு தடவை போதும் என்றிருக்க, தினமும் பார்த்திருக்கிறீர்கள். அன்று எழுதிக் கொடுத்த இரண்டைத் தவிர எல்லாமே மாலை ஆறு மணி.

நாளைக்கு இது வேறொரு அக்காவுக்குப் போகிறது. பழைய எண்களை அழித்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்று இப்போது சொல்லியிருக்கிறார்கள். அடியில் அந்த அக்காவுடையது, மேலே உங்களுடையது. இன்னும் அழிக்கவில்லை.

மணி ஆறாகப் போகிறது. போனைக் கையில் வைத்திருக்கிறேன்.

தங்கச்சி