மரம் இழுத்த மதினிக்கு

மதினி,

இன்று காலை கிரீஸ் டப்பாவைத் தேடி டிராக்டரின் டூல் பாக்ஸைத் திறந்தேன். ஸ்பேனர்களுக்கு நடுவில் எறும்புகள் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. அவை போன வழியிலேயே கையை விட்டுத் துழாவினால், பழைய துணிச் சுருளுக்குள் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம். எண்ணெய்க் கறை ஏறி, கல்லாக இறுகிக் கிடந்தது. அண்ணனுக்குச் சர்க்கரை வந்த பிறகு வீட்டில் யாரும் இனிப்பே வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டது நீங்கள். அந்தச் சட்டம் செல்லாத இடமாகப் பார்த்து, இரும்புக்கு நடுவில் உங்களுக்கென்று தனிக் கடை வைத்திருந்திருக்கிறீர்கள். கூடவே நின்ற எனக்குக்கூடச் சொல்லவில்லை. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டிராக்டரின் பின்னால் மரம் இழுக்க மாட்டியிருக்கும் அந்த வின்ச்சு நம் வீட்டுக்கு வந்த கதையை நான் யாரிடமாவது சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம் கண்மாய் முழுக்கச் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடந்த காலம். ஏலம் எடுத்தவர் ஆள் விட்டு வெட்டினார். வெட்டுவது பெரிதில்லை, வெட்டிய தடிகளைக் கரைக்குக் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. தோளில் சுமந்தால் முள் கிழித்தது. அண்ணன் டிராக்டரை உள்ளே விட்டுப் பார்த்தார். முள் டயருக்குள் ஏறி, கொஞ்ச நாளில் பஞ்சர் கடைக்காரர் நமக்குச் சொந்தக்காரர் மாதிரி ஆகிவிட்டார். அண்ணன் வெறுத்துப்போய், "இனி உழவு மட்டுந்தான், மரத்துப் பக்கமே போறதில்ல" என்று சொன்ன நேரத்தில்தான் தூத்துக்குடிக்கு உங்கள் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனோம்.

திரும்பும்போது அண்ணன் பழைய கலப்பை பார்க்க வேண்டும் என்று இரும்புக் கடைத் தெருவுக்குள் நுழைந்தார். பட்டுச்சேலை துருவில் பட்டுவிடாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாம் இருவரும் பின்னால் போனோம். ஒரு மூலையில் பெரிய நூல்கண்டு மாதிரி இரும்பு உருளை, அதில் சுற்றிய கம்பி வடம், பக்கத்தில் ஒரு நெம்புகோல். நீங்கள் அதன் முன்னால் நின்றுவிட்டீர்கள்.

"இது என்னய்யா?"

"போட்டுல வலை இழுக்கிற வின்ச்சும்மா. ஒங்களுக்கு எதுக்கு?" என்றார் கடைக்காரர்.

நீங்கள் அண்ணனைப் பார்த்துத் திரும்பினீர்கள். "டிராக்டரு உள்ள போகாட்டி என்ன? அது கரையிலயே நிக்கட்டும். மரம் வெளிய வரட்டுமே."

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஏ செல்வி, ஒங்க மதினிக்குக் கல்யாணச் சாப்பாடு சேரலபோல."

ஆனால் நாம் வந்த வேனில், தாம்பூலப் பைகளுக்கும் வாழைத் தாருக்கும் நடுவில், அந்த வின்ச்சும் ஊருக்கு வந்தது.

அருப்புக்கோட்டை லேத்துப் பட்டறையில் அதை டிராக்டரின் பின்பக்கம் பொருத்திக் கொடுத்தார்கள். பட்டறைக்காரருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடல் சாமானக் கம்மாயில விடப் போறீகளா?" என்று கேட்டுக்கொண்டே வெல்டு வைத்தார். ஒன்றை மட்டும் நாம் யோசிக்கவில்லை. எத்தனையோ வருசம் வலையோடு புழங்கிய வாடை அந்த இரும்பில் ஊறியிருந்தது. டிராக்டர் தெருவுக்குள் நுழைந்த அன்றைக்கே பூனைகள் மோப்பம் பிடித்துவிட்டன. காலையில் பார்த்தால் உருளை மேல் ஒன்று, சீட்டில் ஒன்று, பானெட்டில் ஒன்று. நீங்கள் புளி போட்டுத் தேய்த்தீர்கள், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தீர்கள். பூனைகள் அசையவில்லை. "விடு செல்வி, நமக்கும் ஆளு வேணும்ல" என்று கடைசியில் அவற்றுக்கும் சோறு வைத்தீர்கள்.

முதல் நாள் சோதனை நினைவிருக்கிறதா? ஊரே கண்மாய்க் கரையில் கூடிவிட்டது. அண்ணன் டிராக்டரில். பெரிய தடி ஒன்றில் கொக்கியை மாட்டிவிட்டு வந்தோம். அண்ணன் நெம்புகோலைத் தள்ளினார். வடம் விறைத்தது. தடி அசையவில்லை. டிராக்டர்தான் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, கரைச் சரிவில் இறங்கி, தடியைத் தேடிப் போக ஆரம்பித்தது. அண்ணன் வண்டியிலிருந்து குதித்தார். நீங்கள் ஓடிப்போய் நெம்புகோலை இழுத்து நிறுத்தினீர்கள். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளாண்டி சத்தமாகக் கேட்டார்: "ஏப்பா, மரத்த டிராக்டரு இழுக்குதா, டிராக்டர மரம் இழுக்குதா?"

அன்றைக்குச் சிரித்தவர்களில் நீங்கள்தான் அதிகம் சிரித்தீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "வண்டியப் பனையோட சேத்துக் கட்டுங்கய்யா" என்றீர்கள். டிராக்டரின் முன்பக்கத்தைச் சங்கிலியால் பனையில் பிணைத்து மறுபடி இழுத்தபோது, முள்ளும் மண்ணுமாய் அந்தத் தடி கரையேறி வந்து உங்கள் காலடியில் நின்றது. அண்ணன் குதித்த இடத்திலேயே நின்றுகொண்டு சொன்னார்: "நீயே ஓட்டு தாயி. எனக்கு இந்த வெளையாட்டு வேணாம்."

அப்படித்தான் நீங்கள் ஓட்டுநர் ஆனீர்கள். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த என்னைத் துணைக்குக் கூப்பிட்டீர்கள். சீட்டில் உட்கார்ந்தால் புதருக்குள் கிடக்கும் மரம் தெரியாது. அதனால் மரத்தருகில் நான் சிவப்புத் துண்டோடு நிற்பேன். துண்டை ஆட்டினால் இழு, தலைக்கு மேல் தூக்கினால் நிறுத்து. எனக்கு முதலில் பயமாக இருந்தது. தப்பாகக் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீ மரத்தப் பாரு. நான் ஒன்னயப் பாக்குறேன். வேற எதையும் நாம பாக்க வேணாம்," என்றீர்கள்.

மதினி, என்னை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுவரை இல்லை. என் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்தால்கூட முதலில் டிவியைத்தான் பார்ப்பார். இதைச் சொன்னபோது நீங்கள் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. வானம் பார்த்த நம் ஊரில் கண்மாய் நிறையும் என்று யார் நினைத்தார்கள்? ஏலக்காரர் வெட்டிய தடிகளைக் கண்மாய்க்குள்ளேயே அடுக்கி வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தார். மழை விடாமல் அடித்தது. வரத்துக் கால்வாயில் தண்ணீர் புரண்டு வந்தது. விடிந்து பார்த்தால் அடுக்கி வைத்த தடிகள் எல்லாம் மிதந்துபோய், மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலுங்கில் அணைபோட்ட மாதிரி அடைத்து நின்றன. நீர் வெளியேற வழியில்லை. கரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரைக்குக் கீழேதான் கிழக்குத் தெரு. இருளாண்டி வீடும் அங்கே, என் வீடும் அங்கே. பிள்ளைகளை மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அடுப்பை அணைக்கக்கூட மறந்து ஓடி வந்தேன்.

ஜே.சி.பி. ஒன்றைக் கூட்டி வந்தார்கள். பாதி வழியில் கரைமண் இளகி, ஒரு பக்கமாகச் சாய்ந்து புதைந்துவிட்டது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, கலுங்கின் மறுபக்கம், கல் பாவிய தரையில் உங்கள் டிராக்டர் சத்தம் கேட்டது. நீங்கள் வண்டியைப் பனையில் கட்டிவிட்டு, "கொக்கிய மாட்ட யாரு எறங்குறா?" என்றீர்கள்.

இருளாண்டி வேட்டியை வரிந்து கட்டினார். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் நின்றவர்கள் பிடித்துக்கொள்ள, நீந்திப்போய் நடுவில் குறுக்கே கிடந்த பெருந்தடியில் கொக்கியை மாட்டினார். அதோடு திரும்பி வந்திருக்கலாம். சிக்கியிருந்த கிளைகளை விலக்குகிறேன் என்று அங்கேயே நின்றார். நான் துண்டை ஆட்டினேன். வடம் விறைத்தது. தடி முனகியது. ஊர் முழுக்கக் கத்தியது: "இழுங்க! விடாதீக! வருது, வருது!"

அப்போது வடத்தின் நடுவில் ஒரு புரி தெறித்து விரிவதைக் கண்டேன். இன்னொரு புரி. முழுசாக அறுந்தால் அது சாட்டையாகச் சுழன்று இருளாண்டி மேல்தான் விழும். துண்டைத் தலைக்கு மேல் தூக்கினேன். என்னைச் சுற்றி எல்லோரும், "என்ன செய்ற நீ, தண்ணி ஏறுது, எறக்கு துண்ட!" என்று என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அந்தக் கூச்சலில் நான் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. கையை மட்டும் இறக்கவில்லை.

இஞ்சின் உறுமல் நின்றது. வடம் தொய்ந்தது. நீங்கள் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. இருளாண்டியைக் கயிற்றோடு கரைக்கு இழுத்த பிறகுதான் மற்றவர்கள் வடத்தைப் பார்த்தார்கள். ஒரே ஒரு புரிதான் மிச்சம் இருந்தது. "ஊரே கத்துனப்ப எப்படி மதினி நிறுத்துனீக?" என்று பிறகு கேட்டேன். "ஊரு கத்துச்சா? நான் ஒன் துண்டத்தான பாத்துக்கிட்டிருந்தேன்," என்றீர்கள்.

நைந்த பகுதியை வெட்டி எறிந்தோம். வடம் குட்டையாகிவிட்டது. புதைந்து நின்ற ஜே.சி.பி. டிரைவர் தன் சங்கிலியைக் கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை இணைத்து மறுபடி கொக்கி மாட்டி, இந்த முறை இருளாண்டி கரையேறிய பிறகே இழுத்தோம். டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. நீங்கள் பெண்கள் பக்கம் திரும்பிக் கத்தினீர்கள்: "பாத்துக்கிட்டு நிக்காதீகடி! முன்னால ஏறி உக்காருங்க, வெயிட்டு வேணும்!" கிழக்குத் தெருப் பெண்கள் முன்பக்கக் கம்பியிலும் பானெட்டிலுமாக ஏறிவிட்டார்கள். "எங்க வெயிட்டுக்கும் இன்னைக்குத்தான்டி ஒரு மரியாத" என்று யாரோ சொல்ல, பயத்தோடு பயமாக அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்சக்கரம் கீழே இறங்கி நின்றது.

தடி வந்தது. அது வந்ததும் மொத்த அடைப்பும் கலகலத்து, தண்ணீர் பெருஞ்சத்தத்தோடு கலுங்கில் பாய்ந்தது. கரை விளிம்பில் ஈரக்கோடு மட்டும் தெரியும்வரை நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றோம். நான் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

இழுத்துப் போட்ட கிளைகளுக்குள் ஏதோ துள்ளியது. பார்த்தால் விரால்! அதற்குள் கெளுத்தியும் சேர்ந்து குதித்தது. பானெட்டில் இருந்த பெண்கள் எல்லாம் முந்தானையை விரித்துக்கொண்டு குதித்து ஓடினார்கள். நீங்கள் வின்ச்சைத் தட்டிக்கொடுத்துச் சொன்னீர்கள்: "பாத்தியா செல்வி, பெறந்த வீட்டு ஞாபகம் போகலை இதுக்கு."

அன்று மதியம் கிழக்குத் தெருவில் எல்லா வீட்டிலும் மீன் குழம்பு. இருளாண்டி ஒரு தூக்குவாளியில் குழம்போடு உங்கள் வாசலில் வந்து நின்றார். எப்படி நன்றி சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. "மரத்த டிராக்டருதான் இழுக்குது," என்றார். அவ்வளவுதான். நீங்கள் வாளியை வாங்கிக்கொண்டு, "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே கொழம்பு கெடச்சிருக்கும்ல," என்றீர்கள்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம்தான் இருந்தீர்கள். நெஞ்சு அடைக்கிறது என்று மதுரைக்குக் கூட்டிப்போனோம். அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்க ஒரு கைப்பிடி இருந்தது. அதைக் கண்டதும் உங்கள் முகத்தில் வந்த வெளிச்சம்! அண்ணனைச் சுற்றச் சொல்லி, "ஏத்துங்க… போதும்… எறக்குங்க" என்று படுத்தபடியே வேலை வாங்கினீர்கள். பக்கத்துக் கட்டில் அம்மாவும் தன் மகனைக் கூப்பிட்டு அதே மாதிரி சுற்றச் சொன்னார். மறுநாள் நீங்கள் இல்லை. அண்ணன் வெகுநேரம் அந்தக் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். அவர் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

டிராக்டர் சும்மா நின்றது. வின்ச்சை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். அண்ணன் உள்ளே போனார். வெளியே வந்தபோது கையில் சிவப்புத் துண்டு. "செல்வி, நீ வண்டியில ஏறு. மரத்துக்கிட்ட நான் நிக்கேன்," என்றார். வண்டியிலிருந்து குதித்த அதே அண்ணன்தான்!

வண்டி ஓட்ட நீங்கள்தான் எனக்குப் பழக்கிவிட்டிருந்தீர்கள். ஆனாலும் முதல் நாளே ஒரு கூத்து. புதருக்குள் நின்றவர் துண்டை ஆட்டினார். இழுத்தேன். மேலே தூக்கினார். நிறுத்தினேன். உடனே ஆட்டினார், சுழற்றினார், இரண்டு கையையும் விரித்தார். எதற்கும் நான் நிறுத்தியே வைத்திருந்தேன். கடைசியில் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார். குளவிக் கூட்டில் கை வைத்திருக்கிறார். உதடு வீங்கி, ஒரு கண் மூடிப்போய், டயரில் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒங்க மதினி இருந்திருந்தா இந்நேரம் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா," என்றார். வீங்கிய உதட்டோடு அவரே சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். நான் சுண்ணாம்பு தேடப் போனேன். அதற்குப் பிறகு அவர் நன்றாகத் தேறிவிட்டார். இப்போது நாங்கள் வாரத்தில் பாதி நாள் வேலையில்தான் இருக்கிறோம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு போன் வந்தது. நரிக்குடிப் பக்கம் ஓர் ஊர். நேற்றுக் காற்றில் பெரிய புளியமரம் பாதையில் சாய்ந்துவிட்டதாம். பஸ் வரவில்லை. நாளை பிள்ளைகளுக்குப் பரீட்சை. "வருவீகளாம்மா?" என்று கேட்டார்கள்.

நீங்கள் இந்த மாதிரி போனுக்கு 'பாக்கலாம்' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. பதிலை முதலில் சொல்லிவிடுவீர்கள். மற்றதெல்லாம் பிறகுதான். எனக்கு அப்படி இல்லை. ஒரு சேலை எடுப்பதற்கே நான் நாலு பேரிடம் கேட்பவள். ஆனால் போனைக் காதில் வைத்திருந்தபோது, யோசிக்கும் முன்பே என் வாய் சொல்லிவிட்டது: "வாரோம்."

அண்ணன் என்னையே பார்த்தார். "ஏ தாயி, புளியமரம்ங்கிற. நம்ம வடத்துக்குத் தாங்குமா? அங்க வண்டியக் கட்டப் பனை இருக்கா? அந்தப் பாதையில நம்ம டிராக்டரு போகுமா? எதாவது யோசிச்சியா?"

"இனிமேத்தாண்ணே யோசிக்கணும்," என்றேன்.

வண்டியை எடுக்கிறோம், மதினி.

உங்கள்
செல்வி