நாற்பத்தொன்றாம் ஏடு

என் பிரியமுள்ள தாணு,

உன் பெயர் அச்சில் வந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனை சாயங்காலம் அதைப் பற்றிப் பேசியிருப்போம். கரமனை ஆற்றங்கரைப் படியில் உட்கார்ந்துகொண்டு, வரப்போகும் புத்தகத்தின் முகப்புத் தாளில் உன் பெயர் மேலே, என் பெயர் கீழே என்று. "சாமிக்க பேரு கீளயா? லோகம் அளிஞ்சு போவும் வேய்" என்று சிரிப்பாய். அக்கிரகாரத்துப் பிள்ளையான என்னைச் சாமி என்று கூப்பிடுவதில் உனக்கு அப்படி ஒரு குஷி.

வந்திருப்பது முகப்புத் தாளில் அல்ல. இந்தப் பத்திரிகையின் சென்ற இதழில், கடைசிப் பக்கங்களில், பேராசிரியர் எழுதிய மறுப்பில். ஒரே ஒரு வரி. ஏடுகளின் வரிசையில் பிழை இருக்குமானால் அது அவற்றைப் பெயர்த்தெழுதிய காலஞ்சென்ற தாணு என்பவருடையது.

என்பவர்.

மூன்று வருடம் அவர் வீட்டு மாடியில் குனிந்து உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நீ. அந்தச் சுவடியையே கொண்டு வந்து கொடுத்தவன் நீ. அவர் பதிப்பித்த புத்தகம் போன வருடம் வெளிவந்தபோது அதில் உன் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. 'உதவிய இளைஞர்களுக்கு நன்றி' என்று பொதுவாக ஒரு சொல். பாராட்டுக்கு நீ வேண்டாம். பழி என்று வந்ததும் செத்தவனைத் தேடி எடுத்திருக்கிறார்.

அது பொய், தாணு. பிழை உன்னுடையது அல்ல, என்னுடையது. இந்தக் கடிதத்தை அதே பத்திரிகைக்கு அனுப்புவது அதற்காகத்தான். உனக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்லப்போகிறேன். பொறுத்துக்கொள். மற்றவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கொன்றையடி அம்மை கதை. உங்கள் தோவாளைப் பக்கத்துக் கோயிலில், உங்கள் குடும்பத்தார் வைத்துக் கும்பிடும் அம்மை. அவள் கதையை எழுதிய ஏட்டுக் கட்டை ஒரு ஈரிழைத் துண்டில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் வரை வந்தாய். பேராசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மாடியில் சுவடி மன்றம் என்று ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். நீயும் நானும் எம்.ஏ. முடித்துவிட்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டவர்கள். அவர் அந்தக் கோயிலைப் பார்த்ததில்லை. இன்றுவரை பார்த்ததில்லை.

புல்தைலம் தடவி, கரி பூசித் துடைத்தால் எழுத்து மேலே வரும். நீ ஏட்டைப் பிடித்துப் படிப்பாய். நான் எழுதுவேன். நீ படித்தாய் என்பதுகூடச் சரியில்லை. பாதி பாடுவாய். உனக்கு அந்தக் கதை காதில் ஏறியது, கண்ணில் அல்ல.

கதை சிறியது. அரசாங்கத்து அதிகாரி ஒருவனுக்கு ஊர்க் கொன்றை மரம் வேண்டும். வெட்ட விடமாட்டேன் என்று ஒருவன் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்கிறான். அவனை அடித்தே கொல்கிறார்கள். ஊர் முழுவதும் சுற்றி நிற்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவன் பெண்சாதி வருகிறாள். பார்க்கிறாள். ஊரைச் சபித்துவிட்டு அதே மரத்தடியில் உயிரை விடுகிறாள். பயந்தவர்கள் கல் நட்டார்கள்.

இனி என் பிழை.

அன்று மழை. உனக்குக் காய்ச்சல் என்று விடுதிக்குப் போய்விட்டாய். நான் தனியாக இருந்தேன். கட்டை அவிழ்த்தபோது இற்றுப்போயிருந்த கயிறு கையோடு வந்துவிட்டது. ஏடுகள் தரையெல்லாம் பரவின. எண் பார்த்துப் பொறுக்கி அடுக்கினேன். இரண்டு ஏடுகளில் எண் இருந்த ஓரத்தைப் பூச்சி தின்றிருந்தது. நாற்பது, நாற்பத்தொன்று. எது முன்னால்? இரண்டிலும் அழுகை. ஒன்றை எடுத்து முன்னால் வைத்தேன். நானே படித்து நானே எழுதினேன்.

மறுநாள்வரை காத்திருந்திருக்கலாம். பேராசிரியர் அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம். அது பாதிதான். நீ இல்லாமலும் என்னால் முடியும் என்று காட்ட வேண்டியிருந்தது. யாருக்கு என்று தெரியவில்லை.

சுத்தப் பிரதி அவர் கைக்குப் போய்விட்டது. கரட்டுப் பிரதியை ஆஸ்பத்திரியில் உனக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். உன்னை அங்கே சேர்த்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நெஞ்சு நோய் என்று சொல்லிவிட்டார்கள். நீ மல்லாந்து படுத்தபடி தாள்களைப் புரட்டினாய். சட்டென்று எழுந்து உட்கார்ந்தாய்.

"வேய் சாமி, இதுல வில்ல எங்க எறக்கி வைக்கது?"

எனக்குப் புரியவில்லை.

"கோயில் கொடையில வில்லுப்பாட்டு பாடும்ப அவரு செத்த ஒடனே வில்ல எறக்கி வச்சிருவாவ. கொடமும் நிக்கும், தாளமும் நிக்கும். ஊரு பூரா எந்திச்சு நிக்கும். ஒருத்தரும் மிண்டப்பிடாது, பிள்ளைய அளுதாக்கூட வாயப் பொத்திருவாவ. பொறவுதான் சாபம். நீரு சாபத்த சாவுக்கு முன்னால கொண்டு வச்சிருக்கீரு. எங்கம்மைய புருசனக் கொன்னவளாக்கிட்டீரே வேய்."

சொல்லிவிட்டு இருமினாய். நிறுத்த முடியாமல் இருமினாய். நடுவில் சிரிக்கவும் செய்தாய். "அம்மை விட மாட்டா, பாத்துக்கிடும்."

அன்று வாய் திறக்காமல் நின்றவர்களின் வம்சம், வருடத்துக்கு ஒரு முறை அதேபோல் வாய் திறக்காமல் நின்று அந்த வெட்கத்தை அனுபவிக்கிறது. அந்த இடம் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவில் இருக்கிறது. உன் ஊர்க்காரனுக்கு மட்டுமே தெரியும்.

"சார்ட்ட சொல்லும். நான் எந்திச்சு வந்து சரியாக்குகேன்" என்றாய்.

சொல்வதற்குத்தான் போனேன். படியேறிப் போனபோது எனக்குக் கல்லூரி வேலைக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். மேஜையில் மை காயாமல் இருந்தது. தலைகீழாக என்னால் படிக்க முடிந்தது. 'மிகவும் கவனமுள்ள இளைஞர்.'

நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாய், "சொன்னீரா?" சொல்லியாயிற்று என்றேன். நீ தலையை ஆட்டினாய். பத்து நாளில் போய்விட்டாய்.

நான் பொய் சொன்னது உனக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் தலையை ஆட்டினாயா?

பேராசிரியர் அந்த இரண்டு ஏடுகளின் மேல் ஓர் அத்தியாயமே கட்டியிருக்கிறார். மனைவியின் சாபம் முதலில் புறப்படுகிறது, அது கணவன் மேலேயே விழுகிறது, அடங்காத பெண்ணின் நாக்குக்குப் பயந்து ஊர் அவளைத் தெய்வமாக்குகிறது. நாட்டுத் தெய்வ வழிபாட்டின் வேரே அந்தப் பயம்தானாம். படித்தவர்கள் மெச்சினார்கள். கொன்ற அதிகாரி அந்த அத்தியாயத்தில் இரண்டு வரி. வேடிக்கை பார்த்த ஊர் அதுகூட இல்லை. என் கவனக்குறைவு அவர் கையில் தத்துவம் ஆகிவிட்டது. அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

மதராஸிலிருந்து ஒருவர் மதிப்புரை எழுதினார். கணவன் இறப்பதற்கு முன்பே அவன் உடலை மடியில் போட்டு அழுகிறாளே, ஏடு மாறியிருக்குமோ என்று கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அதற்குத்தான் மறுப்பு. அதில்தான் நீ.

இதழ் வந்த அன்று பேராசிரியர் வீட்டு மாடிக்குப் போனேன்.

"எந்தா சேஷா, காலம்பறயே?"

"சார், அந்தப் பிரதி தாணு எழுதினதில்லை. நான் எழுதினது. ஏட்டை மாத்தி வச்சதும் நான்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு அறியாமலா? தன்னோட கையெழுத்து எனக்கு அறிஞ்சூடாதா?"

என் கையெழுத்தை அறிவாராம். அறிந்தே எழுதினாராம்.

"பின்னே ஏன் சார் அவன் பேர்?"

"எடோ, தனக்கு ஜோலி இருக்கு, நாளைக்குக் கல்யாணம் இருக்கு. அவனுக்கு இனி என்ன வேணும்? நான் தன்னை ரட்சிச்சதாக்கும். ஒரு ஏடு முன்னே பின்னே ஆனா என்னடோ, தியரி நிக்கறதில்லையா?"

"நிக்கலை சார். அந்த ஒரு ஏட்டிலேதான் அது நிக்கறது."

"போய் கிளாஸ் எடும்."

ஏட்டுக் கட்டையாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். அது மன்றத்துச் சொத்து என்றார். என் கையால் எழுதிய சுத்தப் பிரதி? தேடினால்தான் தெரியும் என்றார். அலமாரிச் சாவி அவர் பூணூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

உன் மேலும் கோபம் இருக்கிறது எனக்கு. சுவடியைக் கொடுத்தபோது ஒரு துண்டுக் காகிதத்தில், 'இது எங்கள் ஊர்க் கோயிலுடையது, கொடுத்தவன் தாணு' என்று எழுதி வாங்கியிருந்தால் என்ன? "சாரு பெரிய மனுசனாக்கும்" என்றாய். நாம் எம்.ஏ. படித்து எதைக் கற்றுக்கொண்டோம்? பெரிய மனிதர்கள் முன்னால் சுற்றி நிற்பதையா?

சென்ற வாரம் உன் ஊருக்குப் போனேன். ஒரு செய்தி சொல்ல வேண்டும். உன் ஊர் இப்போது வேறு ராஜ்யம். எல்லை பிரித்துவிட்டார்கள். தோவாளை மதராஸுக்குப் போய்விட்டது, நான் கேரளத்தில் இருக்கிறேன். களியக்காவிளையில் பஸ் நின்றபோது கண்டக்டர், "தமிழ்நாட்டுக்காரர் எல்லாம் நிமிர்ந்து உக்காரலாம்" என்று தமாஷ் செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் எப்படி உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா முற்றத்தில் பிச்சிப்பூக் கட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் முன்னமே எட்டியிருந்தது. உங்கள் ஊர் வாத்தியார் புத்தகத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்.

"அம்மை புருசனக் கொன்னாளாமே? எனக்க மவன் அப்பிடியா எளுதிக் குடுத்தான்? கொடைக்கு வரி பிரிக்க வந்தவனுவ வாசல்ல நிண்ணு கேக்கானுவ."

இல்லை அம்மா, நான் எழுதினது என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். சிபாரிசுக் கடிதத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் உன்னிடம் சொன்ன பொய்யைச் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. ஒரு முழம் பூக் கட்டி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"சோறு தின்னியா?"

"இல்லை."

"தின்னுட்டுப் போ." சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து சொன்னாள்: "அவன் சாவும்ப, சாமி சொல்லியாச்சு, இனி பேடிக்காண்டாம்னு எங்கிட்டச் சொன்னான். நிம்மதியாத்தான் போனான். நீ அந்த நிம்மதியையும் களவாண்டு குடுத்திருக்கே."

பாதியில் கை கழுவப் போனேன். ஆனால் இலையை விட்டு எழுந்திருக்க அவள் விடவில்லை.

பத்திரிகையில் எழுதப்போகிறேன் என்றேன். "எளுது. அது படிச்சவனுவளுக்கு. எங்க ஊர்ல எத்தர பேரு படிப்பாவ? பங்குனிக் கொடைக்கு வா. அம்மை முன்னால, ஆளுவ முன்னால நிண்ணு சொல்லு, எனக்க கையாலதான் வந்துதுன்னு. நீயும் எனக்க மவனா இருந்தவன்தானே."

இருந்தவன். அந்தச் சொல்லைப் பஸ்ஸில் திரும்பி வரும் வழி முழுவதும் யோசித்துக்கொண்டு வந்தேன்.

கிளம்பும்போது உன் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் உன் தலையணைக்கடியில் இருந்தது. இரண்டு ஏடுகளையும் சரியான வரிசையில் உன் கையால் எழுதியிருக்கிறாய். நடுவில் அரைப் பக்கம் வெற்றாக விட்டு, சிவப்புப் பென்சிலால் 'வில் இறக்குமிடம்' என்று எழுதியிருக்கிறாய். தேதி போட்டிருக்கிறாய். நான் 'சொல்லியாயிற்று' என்று சொன்னதற்கு மறுநாள்.

ஏன் எழுதினாய் தாணு? நான் சொல்லியிருந்தால் அதற்குத் தேவையே இல்லையே.

அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியும். "அவர் எழுதிக் கொடுத்த காகிதத்துலதானேடா நோக்கு வேலையே கிடைச்சது? ஆத்துல ரெண்டு பொண்கள் இருக்கான்னு ஞாபகம் இருக்கோ?" என்று கேட்டார். இருக்கிறது. வேலை போனாலும் போகும். அதைப் பற்றித் தைரியமாக எழுத எனக்கு வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அனுப்புகிறேன்.

கடிதத்தோடு உன் நோட்டின் அந்த இரண்டு பக்கங்களையும் பெயர்த்தெழுதி வைத்திருக்கிறேன். இரண்டு முறை சரிபார்த்தேன். நடுவில் அரைப் பக்கத்தை வெற்றாகவே அச்சிட வேண்டும் என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறேன். மேலே உன் பெயர் இருக்கும். என் பெயர் பிழையின் பக்கத்தில்.

பங்குனிக்கு வருவேன். வில் கட்டிப் பாட்டுத் தொடங்கும் முன் எழுந்து சொல்லிவிடுவேன். பிறகு பாட்டில் அவன் சாவான். வில்லை இறக்கி வைப்பார்கள். ஊரோடு சேர்ந்து நானும் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். ஐந்து வருடமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்த இடம் வேறு.

உன் அம்மாவுக்கு மகனாக இருந்த,
இன்னும் உனக்குத் தம்பியான
சேஷன்
கரமனை