நடைநோட்டில் என் கையெழுத்து

பேத்தி குளிக்கப் போகும்போது மேசைமேல் கழற்றி வைத்த கைக்கடிகாரம் நேற்றுத் தானாக அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். எழுந்து நடக்கச் சொல்லி அதில் எழுத்து ஓடியது. அவள் கம்பெனியில் எல்லாருக்கும் சும்மாவே கொடுத்திருக்கிறார்களாம். உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள் மணிக்கு ஒரு தரம் எழுந்திருக்க வேண்டுமாம். "நல்ல ஐடியா இல்ல தாத்தா?" என்று கேட்டாள். எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டேன். கடிகாரமும் இல்லாமல் கம்பெனியும் இல்லாமல், சிநேகிதா, நீ எப்போதோ செய்த வேலைதானே இது.

எண்பதுகளின் தொடக்கம். ஜவ்வாது மலைமேல் புளியும் கடுக்காயும் தேனும் கொள்முதல் செய்கிற நம் சின்ன ஆபீஸ். ஆபீசரையும் வாட்ச்மேனையும் விட்டால் நாம் ஆறு பேர், எல்லாரும் அடிவாரத்துக்காரர்கள். சனிக்கிழமை பஸ் பிடித்து இறங்கினால் திங்கட்கிழமைதான் மேலே வருவோம். நடுவில் நாற்காலி, சாப்பாடு, பாய், மறுபடி நாற்காலி. மலைக்காரர்கள் தலையில் மூட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருக்க, அதை எழுதி எழுதியே நாம் தொப்பை வளர்த்தோம்.

ஒரு திங்கட்கிழமை நீ திருப்பத்தூரில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாய். வந்ததும் தண்ணீர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு போய் வராந்தாவின் கடைக்கோடியில் வைத்தாய். மேசை மணிகளையெல்லாம் பிடுங்கி பீரோவில் பூட்டினாய். "வாட்ச்மேன் வேணும்னா எழுந்து போய்க் கூப்புடுங்க" என்றாய். நான் முனகினேன். "நாலு காலு இருந்தும் நாற்காலி நடக்கறதில்ல. நீயும் அப்பிடியே ஆயிடாதய்யா" என்று என் தொப்பையில் ஒரு தட்டுத் தட்டினாய். எனக்குக் கோபம்தான் வந்தது.

அதோடு விட்டாயா? ஆபீசரைக் கெஞ்சி, சாயங்காலம் ஆளுக்கு அரை மணி வாங்கினாய். காட்டுப்பாதையில் பலாமரம் வரை ஏறித் திரும்ப வேண்டும். கரடி நடமாட்டம் இருப்பதால் ஜோடியாகத்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டாய். ஆபீஸ் காலியாகக் கூடாது என்று ஜோடிக்கு ஒரு நேரம் வைத்தாய். நீயும் நானும் கடைசி ஜோடி. நம்ம ஆட்கள் நோட்டுப் போட்டால்தான் அசைவார்கள் என்று, கேட்டருகே ஆணியில் நடைநோட்டு ஒன்றும் தொங்கவிட்டாய். கிளம்பும்போது அதில் கையெழுத்துப் போட வேண்டும்.

வாட்ச்மேன் வெள்ளையன் இரண்டு குன்று தாண்டித் தினமும் நடந்தே வேலைக்கு வருகிறவன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நடக்கறதுக்குக்கூட கையெழுத்தா சாரு? எங்க ஊருல நோட்டு வச்சா மூட்டை மூட்டையா வாங்கணும்" என்றான். "உன் காலு எனக்கு இருந்தா நான் ஏண்டா நோட்டு போடறேன்" என்று நீயும் சேர்ந்து சிரித்தாய்.

கரடி என்பதெல்லாம் சாக்கு என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முதல் வாரமே பலாமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாய். "இதயம் சரியில்லன்னு டாக்டர் சொல்லிட்டாருய்யா. நடக்கணுமாம். ஆனா மெதுவா நடக்கணுமாம், மேட்டுல வேகமா ஏறக் கூடாதாம், தனியா போவவே கூடாதாம். என் வூட்டுக்குத் தெரிய வேணாம், அழுதே தீத்துடும். நீ கூட இருந்தா போதும்." இருக்கிறேன் என்றேன். பெரிய மனிதன் மாதிரி உன் கையைப் பிடித்துச் சத்தியம்கூடச் செய்தேன்.

நாம் எந்த நோட்டையும் உருப்படவிட்டதில்லை. மற்ற நாலு பேரும் நடைநோட்டிலும் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதிவழி போய்த் திரும்பத் தொடங்கினார்கள். நான் மட்டும் உன்னோடு கிளம்பும்போதுதான் போடுவேன். அன்றைக்கு எனக்கும் அந்தப் புத்தி வந்தது. நம் முறைக்கு இன்னும் கால்மணி இருந்தது. ஒரு டீ குடித்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று வெளியே போனவன், போகிற போக்கில் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போனேன். டீக்கடையில் போண்டா சூடாக இருந்தது. தூறலும் பிடித்தது. ஒரு நாள் நடக்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

புல்லுக்கட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்த ஒரு மலைக்காரப் பெண்தான் கடை வாசலில் நின்று சொன்னாள். "ஆபீசு சாரு ஒருத்தரு பாதையில வுழுந்து கெடக்குறாரு. யாரையோ நில்லுய்யா, நில்லுய்யான்னு கூப்புட்டுக்குனே மேட்டுல ஓடுனாரு. தோ, வுழுந்துட்டாரு."

ஓடினேன். பலாமரத்துக்குக் கீழே, அந்தச் செங்குத்து ஏற்றத்தில் குப்புறக் கிடந்தாய். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை. உன்னைத் திருப்பி மடியில் போட்டுக்கொண்டு என்னென்னவோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றுவரை நினைவில்லை.

யாரை நீ கூப்பிட்டாய் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. உன்னை ஜீப்பில் ஏற்றியபிறகு வெள்ளையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "உங்களுக்காவ ரொம்ப நேரம் நின்னுக்குனு இருந்தாரு சாரு. நீங்க வெளிய போனப்ப நான் கெணத்தாண்ட இருந்தேன், எங்க போனீங்கன்னு எனக்கும் தெரியல. அப்புறம் நோட்டை எடுத்துப் பாத்தாரு. உங்க கையெழுத்து இருக்கவும், அடப்பாவி, எனக்கு முன்னாடியே போயிட்டானான்னு வேகவேகமா போனாரு." சொல்லிவிட்டுக் காட்டுப்பக்கம் பார்த்தான். அவன் வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நல்லதாகப் போயிருக்கும்.

கலசப்பாக்கத்தில் உன் வீட்டுக்கு வந்த ஆபீசர், நோட்டில் பார்த்ததை வைத்து, கூட நான் இருந்தேன் என்று சொல்லிவிட்டார். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க பக்கத்துல இருந்தீங்களேண்ணா. கடைசியா இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். உன் பிள்ளைகள் இரண்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. "உன் பேரைத்தாம்மா சொன்னான்" என்றேன். அந்த அழுகையிலும் அவள் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அதைப் பார்த்தபிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் உன் திதிக்குக் கூப்பிடுகிறாள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன், வெட்கமில்லாமல். இந்த வருஷம் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டு, பேரன் பேத்திகளிடம் காட்டினாள். "இவருதான் தாத்தா கூடவே இருந்தவரு. எம் பேரைச் சொல்லிக்குனே போனாரு உங்க தாத்தா. தனியா போவல, அது ஒண்ணே எனக்குப் போதும்" என்றாள். பிள்ளைகள் என் காலில் விழுந்து கும்பிட்டன. ஆசீர்வாதம் செய்தேன்.

அவளிடம் இனி என்னால் சொல்ல முடியாது. உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். தனியாகத்தான் போனாய். கடைசியாக நீ கூப்பிட்டது அவளையல்ல, என்னை. முன்னால் போகிறேன் என்று நம்பி நில்லுய்யா, நில்லுய்யா என்று கூப்பிட்டாயே, நான் அந்தப் பாதையிலேயே இல்லையடா.