கடைசிப் பதினாறு பக்கங்கள்

அறைத்தோழிக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை.

வெளிநாட்டு மாணவர்களே தேர்ந்தெடுக்கும் பிரெஞ்சு நாவல் பரிசு என்று பேராசிரியர் எவ்வளவு பெருமையாகச் சொன்னார். போட்டியில் இருந்த ஒவ்வொரு நாவலுக்கும் ஒரே பிரதி என்பதால் பன்னிரண்டு பேரும் கைமாற்றித்தான் படித்தோம். நேற்றுக் கூட்டத்தில் நீ எழுந்து, "அந்தக் கடைசி அத்தியாயம் என்னை உலுக்கிடுச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாய். "முடிவு சப்புன்னு இருக்கு" என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒன்பது கை உன் பக்கம் உயர்ந்தது. நான் தூக்கிப் பிடித்த நாவல் தோற்றது.

இன்று நீ ஜெயிக்க வைத்த நாவலைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். நூலகர் புரட்டிப் பார்த்தார். கடைசி அத்தியாயமே அதில் இல்லையடி. அதற்கு முந்தைய பதினாறு பக்கங்களையே அச்சகத்தில் மறுபடி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

இல்லாத அத்தியாயத்துக்கு எப்படி அழுதாய்? வாய் கூசவில்லையா உனக்கு?

"ஒருத்தர்கூட சொல்லலையேம்மா" என்று நூலகர் பிரதியோடு இருந்த தாளை நீட்டினார். "முழுவதும் படித்தேன்" என்பதற்குக் கீழே பன்னிரண்டு கையெழுத்துகள். உன்னுடையதுதான் முதலில். உன்னைக் கிழித்துத் தொங்கவிடத்தான் அந்தத் தாளை வாங்கி வந்தேன். இப்போது அதை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மூன்றாவது கையெழுத்து