படகைப் போல அடைத்த வண்டி

அன்புள்ள அம்ரீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? மாமிக்கு மூட்டுவலி குறைந்ததா? நான் நல்ல சுகம்.

இங்கே வசதியானவர்கள் வீட்டையே காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு பாலைவனத்துக்குப் போகிறார்கள். அப்படி நான்கு வண்டிகளுக்கு, நசுங்கிய ஓரப்பட்டையை மாற்றினேன். கீழக்கரையில் படகு வேலை பார்த்த கை அல்லவா, அடிவிளிம்பிலும் விடாமல் பசை வைத்து அடைத்துவிட்டேன். வண்டிக்கு அடிவிளிம்பைத் திறந்தே விட வேண்டுமாம், உள்ளே இறங்கும் தண்ணீர் வடிய. போன வாரம் மழை பெய்தது. தண்ணீர் எங்கும் போகவில்லை.

மேஸ்திரி மாரீஸ்வரன் அண்ணன் கமுதிக்காரர், கடலோடு பழக்கமில்லாதவர். அவரே, “ஏலே பர்வேஸு, இத என்ன பாம்பன்ல எறக்கப் போறியா?” என்றார்.

நான்கையும் கழற்றி மாட்டிய பிறகுதான் லீவு. டாக்டர் சொன்ன தேதிக்கு வர முடியாது. பத்தே நாள் தாமதம், கவலைப்படாதே.

ஆஸ்பத்திரிப் பையில் போன் சார்ஜரை இன்றே எடுத்து வை. பிள்ளை காதில் பாங்கு சொல்ல மாமா தயாராக இருப்பார். அவர் குரல் பள்ளிவாசல் மினாராவுக்குப் பொருந்தும், பச்சைப் பிள்ளை பயந்துவிடும். போனைப் பிள்ளையின் வலது காதோரம் பிடி. நான் மெதுவாகச் சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் வேன் ஹாரன் அடிக்கிறது.

உன் பர்வேஸ்